இருபத்தேழு முறை முடிந்த மனு

தமிழ்வாணி அரசுப் பணியில் சேர்ந்தது 2005-ஆம் ஆண்டு ஜூன் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை முற்பகல். அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் வரி அப்படித்தான் தொடங்குகிறது. வயது இருபத்திரண்டு. தல்லாகுளத்தில் இருந்த ஊரக வசதிகள் பேணுகைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், தபால் பிரிவில், கதவை ஒட்டிய நாற்காலி. கிராமத்துக் குழாய், தெருவிளக்கு, வாய்க்கால், மயானப் பாதை ஆகியவற்றில் எது கெட்டாலும் மக்கள் மனு எழுதுவது இந்தத் துறைக்கு. வருகிற மனுவுக்கு எண் போட்டு உரிய பிரிவுக்கு அனுப்புவது தமிழ்வாணியின் வேலை.

சொந்த ஊர் கீழக்குயில்குடி. அப்பா அழகுமலையும் அம்மா சுந்தரம்மாளும் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் தமிழ்வாணிதான். பள்ளி விடுமுறைகளில் அவரும் நடவுக்குப் போயிருக்கிறார். நடவில் ஒரு வசதி உண்டு. பொழுது சாயும்போது வரப்பில் ஏறி நின்றால், நட்டது எவ்வளவு, நடாதது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் அந்த வரப்பு இல்லை. முதல் நாள் நாற்பத்து மூன்று மனுக்களுக்கு எண் போட்டு உள்ளே அனுப்பினார். அவை என்ன ஆயின என்று அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அவருக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை என்பது பிற்பாடு புலப்பட்டது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2008-இல் அவர் தம் முதல் அட்டவணையைத் தயாரித்தார். பன்னிரண்டு வண்ணப் பென்சில் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, அதில் மூன்றை மட்டும் பயன்படுத்தினார். முப்பது நாளுக்குள் முடிந்த மனுவுக்குப் பச்சை, முடியும் தறுவாயில் இருந்தால் மஞ்சள், கெடு தாண்டினால் சிவப்பு. தம் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தார். அந்த வழியாகப் போன அன்றைய இணை இயக்குநர், "இது என்னம்மா, சுவர்ல ரத்தம் வடியுது?" என்று நின்றார். விளக்கம் கேட்டார். மறுநாள் அட்டவணை தாழ்வாரத்துக்கு இடம் மாறியது. பத்தரை மணிக்கு வந்துகொண்டிருந்த பிரிவுத் தலைவர்கள் ஒன்பதே முக்காலுக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் சிவப்பை யாரும் பார்ப்பதற்கு முன் தாங்கள் பார்த்துவிட வேண்டும் என்ற அக்கறைதான்.

அன்று தொடங்கியது தமிழ்வாணியின் வளர்ச்சி. துறைத் தேர்வுகள் அனைத்திலும் முதல் முயற்சியிலேயே தேறி, 2011-இல் உதவியாளரானார். ஆய்வுக் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அதற்கான அட்டவணை, வரைபடம், உரைக்குறிப்பு அனைத்தும் அவர் கையால்தான். அவர் எழுதுவார், இணை இயக்குநர் மேடையில் வாசிப்பார். கைதட்டல் வரக்கூடிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இங்கே சற்று நிறுத்தவும்' என்று குறித்துக் கொடுப்பது வழக்கம். ஒரு முறை ஒருவர் அதையும் சேர்த்து வாசித்துவிட்டார். கூட்டம் அதற்கும் கைதட்டியது. தமிழ்வாணி கடைசி வரிசையில், மின்விசிறி எட்டாத இடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினாறு ஆண்டுகளில் ஐந்து இணை இயக்குநர்களின் குரலில் அவர் பேசியிருக்கிறார். சொந்தக் குரலில் ஒரு முறைகூடப் பேசியதில்லை. அந்த ஆசை அவருக்கு உள்ளூர இருந்தது. வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே காலாண்டு அறிக்கையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அவர் கணவர் முத்துக்குமரன் சரியான இடத்தில் நிறுத்திக் கைதட்டுவார்.

2016-இல்தான் அந்தப் பெரிய சிக்கல் வந்தது. பிரிவுத் தலைவர்கள் ஒன்றுகூடி முறையிட்டார்கள். தங்கள் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத மனு தங்களிடம் வந்துவிடுகிறது, அதை உரியவருக்கு அனுப்பிய பிறகும் தங்கள் கணக்கில் சிவப்பாகவே நிற்கிறது, இது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. தமிழ்வாணி நான்கு நாள் யோசித்து ஒரு விதி எழுதினார்: ஒரு பிரிவு மனுவை உரிய பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அதை மனுதாரருக்குக் கடிதத்தில் தெரிவித்துவிட்டால், அனுப்பிய பிரிவைப் பொறுத்தவரை மனு முடிந்தது. பெறும் பிரிவில் அது புதிய எண்ணோடு புதிய மனுவாகத் தொடங்கும்.

விதி நடைமுறைக்கு வந்த மூன்றாம் மாதம் தாழ்வாரம் முழுவதும் பச்சை. தலைமை இயக்ககம் வியந்துபோய் அந்த விதிகளைத் தொகுத்து ஒரு கையேடாக அச்சிட்டு, துறை இயங்கும் பதினான்கு மாவட்டங்களுக்கும் அனுப்பியது. கையேட்டில் அணிந்துரை வழங்கியவர், வாழ்த்துரை வழங்கியவர், அட்டையை வடிவமைத்தவர் பெயரெல்லாம் இருந்தன. எழுதியவர் பெயர் இல்லை. தமிழ்வாணி ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்.

2021-இல் கண்காணிப்பாளரானார். 2024-இல், ஆய்வுக் கூட்டங்களை இனி நடத்துவதற்கென்றே மாவட்டச் செயல்திறன் அலுவலர் என்ற புதிய பணியிடம் தோற்றுவிக்கப்படப் போவதாகச் செய்தி பரவியது. தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, கூட்டத்தில் மேடையில் இருக்கை. தாம் எழுதியதைத் தாமே பேசலாம். அந்த அலுவலகத்தில் வேறு பெயர் யார் வாயிலும் வரவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி தலைமை இயக்ககத்திலிருந்து கடிதம் வந்தது. தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு விழுக்காடு பச்சையுடன் மதுரை மாவட்ட அலுவலகம் பதினான்கில் முதலிடம். அடுத்த வியாழக்கிழமை துணைச் செயலாளர் மதுவந்தி தலைமையில் ஒரு குழு நேரில் வருகிறது. சான்றிதழ் வழங்கும், புதிய பணியிடம் குறித்தும் முடிவெடுக்கும். அதற்கு முன், ஒரே ஒரு மனுவின் பயணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க விரும்புகிறது. எந்த மனுவில் நடவடிக்கைகள் அதிகமோ அதைக் கணினியே தேர்ந்தெடுத்திருக்கிறது: டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே மேலச்சுனைப்பட்டியைச் சேர்ந்த சின்னத்தாய் என்பவரின் மனு. நடவடிக்கைகள், இருபத்தேழு.

இணை இயக்குநர் விஸ்வேஸ்வரன் தமிழ்வாணியை அழைத்து, இந்த முறை தாம் பேசப் போவதில்லை என்றார். மார்ச் மாதம் ஓய்வு பெறவிருந்த மனிதர். கடைசிக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

"நீங்கதான் பேசணும் தமிழ்வாணி. எழுதுறவங்களே பேசினா எப்படி இருக்குன்னு நானும் ஒரு தடவை கீழ உக்காந்து பாத்துக்கறேன்."

நன்றி சொல்ல வந்த தமிழ்வாணி, கோப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முற்பகல் கோப்பைப் பார்த்தார். முதல் மனு 2021 ஆகஸ்டில் வந்தது. தெளிவான கையெழுத்தில் நான்கே வரி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேடையைப் போன மாதம் புதிதாகக் கட்டி ஓடு பதித்தார்கள், மேடை உயர்ந்துவிட்டது, குழாய் பழைய இடத்திலேயே இருக்கிறது, இடையில் ஒரு சாண்தான் இருப்பதால் குடம் நுழையவில்லை, ஆவன செய்ய வேண்டும்.

குடிநீர்ப் பிரிவு அதைப் படித்து, உயர்ந்தது மேடை என்பதால் கட்டுமானப் பிரிவுக்கு அனுப்பியது. மனு முடிந்தது; பச்சை. கட்டுமானப் பிரிவு ஆராய்ந்து, தாழ்ந்திருப்பது குழாய் என்பதால் குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பியது. மனு முடிந்தது; பச்சை. இப்படியே மூன்று ஆண்டுகளில் குடிநீர்ப் பிரிவு பதின்மூன்று முறையும் கட்டுமானப் பிரிவு பதின்மூன்று முறையும் அதை முடித்திருந்தன. நடுவே ஒரு முறை வழிதவறி விழிப்புணர்வுப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அவர்கள் சிறிய குடம் பயன்படுத்துவதன் நன்மைகளை விளக்கிக் கடிதம் எழுதி, அவர்களும் முடித்துவிட்டார்கள்.

தமிழ்வாணி கோப்பை எடுத்துக்கொண்டு கட்டுமானப் பிரிவுத் தலைவர் ஹரிநாராயணனிடம் போனார். அவர் துறையில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஒரு பதிலும் இல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

"மேடம், மேடை என்னோடது. குழாய் அவங்களோடது. ரெண்டுலயும் ஒரு பழுதும் இல்ல. பிரச்சினை நடுவுல இருக்குற ஒரு சாண் காத்துலதான். காத்துக்கு நம்ம டிபார்ட்மென்ட்ல பிரிவு கிடையாது."

"சார், நாலு தடவை படிச்சேன். யாருமே போய்ப் பாக்கலையே."

"எதுக்குப் போகணும்? நீங்க போட்ட ரூல்ல அனுப்பினா போதும்னுதான இருக்கு."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் தமிழ்வாணிக்கு அதிகம் வலித்தது.

சனிக்கிழமை காலை அவர் மேலச்சுனைப்பட்டிக்குப் புறப்பட்டார். முத்துக்குமரன் திருமங்கலத்துக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தின் ஓட்டுநர். மனைவி தன் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மடியில் கோப்போடு அமர்ந்திருந்தது அவருக்குப் பெருமையாக இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவே தொடங்கிவிட்டார்.

"எங்க முதலாளியும் இப்படித்தான் வாணி. டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவருக்குப் பரிசுன்னாரு. முதல் மாசம் வெள்ளைச்சாமி அண்ணே வாங்குனாரு. எப்படின்னு பாத்தா, மனுசன் எந்த ஸ்டாப்புலயும் நிக்கல. நின்னு கெளம்புனாத்தான டீசல் போகும்."

"ஆளே ஏறலைன்னா பஸ் எதுக்குங்க?"

"அதைத்தான் முதலாளியும் ரெண்டாம் மாசம் கேட்டாரு. அண்ணே கிட்ட பதில் இருந்துச்சு, 'நீங்க டீசலத்தான கேட்டீக'ன்னு."

பின்னிருக்கைப் பயணி ஒருவரும் சிரித்தார். தமிழ்வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லுப்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனார். தொட்டி ஊர் முகப்பிலேயே இருந்தது. மேடையின் ஓடு பளபளவென்று நன்றாகவே பதிக்கப்பட்டிருந்தது. நான்கைந்து பெண்கள் குழாயடியில் குந்தி, சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடத்துக்குப் பதினெட்டுச் சொம்பு. தமிழ்வாணி எண்ணிப் பார்த்தார். டியூப் மாட்டிப் பிடிக்கலாமே என்று கேட்டதற்கு, ஒரு பெண் சுவரைக் காட்டினார். 'குழாயில் டியூப் மாட்டுதல் தண்டனைக்குரியது' என்று துறையின் முத்திரையோடு பலகை இருந்தது. மாட்டியதைத் துறை ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனதாகவும், அந்த ஒரு வேலைக்கு மட்டும் உடனே வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னார்.

சின்னத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஆடு வளர்ப்பவர், மகளிர் குழுவின் எழுத்து வேலையும் அவருடையது. ஜவுளிக்கடைப் பை ஒன்றிலிருந்து இருபத்தேழு கடிதங்களையும் தேதிவாரியாக எடுத்துப் பாயில் பரப்பினார். அந்த ஒழுங்கைப் பார்த்த தமிழ்வாணிக்கு அவர் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன் தாயி, கோவிச்சுக்காத. என்னைப் பெத்தவுகளும் சரி, கட்டுனவரும் சரி, இம்புட்டு மரியாதையா எனக்குக் கடுதாசி போட்டதில்ல. 'மதிப்பிற்குரிய திருமதி சின்னத்தாய் அவர்களுக்கு'. பேங்குல விலாசத்துக்கு என்ன ஆதாரம்னு கேட்டாக. இதுல பதினஞ்ச எடுத்து நீட்டுனேன். மேனேஜர் எந்திரிச்சே நின்னுட்டாரு."

"தண்ணி?"

"தண்ணிக்குச் சொம்பு இருக்குல்ல." சின்னத்தாய் கடிதங்களை அடுக்கினார். "நானும் ஒவ்வொரு தடவையும் பாக்கேன். இந்தா, இது முடிஞ்சுருச்சுன்னு எழுதிருக்கு. இதுவும் முடிஞ்சுருச்சுன்னு எழுதிருக்கு. அம்புட்டுலயும் முடிஞ்சுருச்சு. இதுல எந்தக் கடுதாசிக்குத் தாயி குடம் உள்ள நுழையும்?"

தமிழ்வாணி தம் நோட்டில் அந்தக் கேள்வியை, தேதியும் நேரமும் இட்டு, அப்படியே எழுதிக்கொண்டார். கேள்விக்குப் பதில் தெரியாதபோது அதைப் பதிவு செய்து வைப்பது அவர் பழக்கம்.

திங்கட்கிழமை, துறையில் குழாய் பொருத்தும் பிட்டர் வெள்ளைத்துரையை அந்த ஊருக்கு அனுப்பினார். எந்தப் பிரிவின் சார்பில் என்று வெள்ளைத்துரை கேட்டார். காற்றின் சார்பில் என்று தமிழ்வாணி சொன்னதாக அலுவலகத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. வெள்ளைத்துரை இரண்டு வளைவுத் துண்டும் ஓரடிக் குழாயும் கொண்டுபோய், இருபது நிமிடத்தில் குழாயை உயர்த்திவிட்டு, முதல் குடம் நிரம்பி வழிவதைப் படம் பிடித்து அனுப்பினார். மூன்று ஆண்டு, இருபத்தேழு கடிதம், இருபது நிமிடம்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். வியாழக்கிழமை குழு வந்து பார்க்கும்போது குடம் நுழையும், இருபத்தேழும் பச்சையாக இருக்கும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஹரிநாராயணன் அப்படித்தான் வாழ்த்தினார். ஆனால் சின்னத்தாயின் மனு ஒன்று இப்படி என்றால் மற்றவை எப்படி என்ற எண்ணம் தமிழ்வாணியை விடவில்லை. அந்த ஆண்டில் பச்சையாக முடிந்தவை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. முப்பதுக்கு ஒன்று என்று வரிசையாக எடுத்து, அறுபத்தொரு மனுதாரர்களுக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தாமே தொலைபேசியில் பேசினார்.

பதினொரு பேர் காரியம் நடந்தது என்றார்கள். அதில் ஒருவர் நூலகத்துச் சுவரில் இருந்த தேன்கூட்டை அகற்றக் கேட்டவர். தேனீக்கள் தாமாகவே போய்விட்டன என்றும், அதற்குத் துறைக்கு நன்றி என்றும் சொன்னார். இரண்டு பிரிவுகள் அந்தத் தேனீக்களைத் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தன. ஒருவர், எந்த மனு என்று கேட்டார். அவர் ஏழு போட்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கடிதம் வந்தது என்றார்கள். கடிதம் மட்டும்.

புதன்கிழமை தமிழ்வாணி தம் விதியைத் திருத்தினார். மனு முடிந்தது என்பதை மனுதாரர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு திருத்தத்தைக் கணக்கில் ஏற்றி, மாவட்டத்தின் நிலையை மறுபடி வரைந்தார். பச்சை, பதினெட்டு விழுக்காடு. அட்டவணையை எடுத்துக்கொண்டு விஸ்வேஸ்வரனின் அறைக்குப் போனார்.

அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரிடயர்மென்டுக்கு நாலு மாசம் இருக்கு எனக்கு. சிவப்பைப் பாத்தாலே பி.பி. ஏறும்னு டாக்டர் வேற சொல்லிருக்கார்."

"சார், போன மாசமும் இது சிவப்புதான். நாம பச்சை அடிச்சிருந்தோம்."

"நாளைக்கு இதையா காட்டப் போறீங்க?"

"ஆமா சார்."

"அந்த போஸ்ட் உங்களுக்குக் கிடைக்காது. தெரியும்ல?"

தெரியும் என்று தமிழ்வாணி தலையசைத்தார். விஸ்வேஸ்வரன் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள்தான் பேசுவது என்று சொன்ன பிறகு என்ன பேசுவது என்று சொல்வது தம் வழக்கம் அல்ல என்றும், ஆனால் நாளை ஒரு நாள் விடுப்பு எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

விடுப்பு எடுக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு முதல் வரிசையில், இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளை முன்னதாகவே போட்டுக்கொண்டு, அமர்ந்திருந்தார்.

தமிழ்வாணி மேடையில் ஏறினார். சப்பாத்தி தேய்த்தபடி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த தொடக்கம் ஒன்று அவரிடம் இருந்தது; அது பச்சைக்கு எழுதியது, சிவப்புக்குப் பொருந்தவில்லை. எனவே மனுவில் தொடங்கினார். ஒரு சாண், ஒரு குடம், பதினெட்டுச் சொம்பு. பதின்மூன்று, பதின்மூன்று, ஒன்று. பிறகு திரையில் இரண்டு அட்டவணைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. கைதட்டலுக்கு நிறுத்த வேண்டிய இடம் எதுவும் அந்த உரையில் இல்லை.

துணைச் செயலாளர் மதுவந்தி இளம் வயது அதிகாரி. கையேட்டின் பிரதி ஒன்று அவர் முன்னால் இருந்தது.

"அனுப்பினாலே முடிஞ்சதுன்னு இருக்கிற இந்த விதி, பதினாலு மாவட்டத்துலயும் நடைமுறையில இருக்கு. அப்படித்தானே?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப பதினாலு மாவட்டத்துப் பச்சையும் இப்படித்தான்."

"மத்த மாவட்டத்துல நான் போன் பண்ணிப் பாக்கல மேடம்."

"இந்த விதியைப் போட்டது யார்? கையேட்டுல பேரே இல்லையே."

முதல் வரிசையில் விஸ்வேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். ஹரிநாராயணன் மேற்கூரையை ஆய்வு செய்தார்.

"நான்தான் மேடம்," என்றார் தமிழ்வாணி. "2016-ல. அப்ப உதவியாளரா இருந்தேன். உதவியாளர் பேரைப் போடுற வழக்கம் இல்ல."

மதுவந்தி பேனாவை எடுத்து, கையேட்டின் முதல் பக்கத்தில், அணிந்துரைக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஏதோ எழுதினார். முழுப் பெயரும் தலைப்பெழுத்தும் கேட்டு எழுதினார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கையேட்டில் எழுதியவர் பெயர் ஏறியது, குற்றம் சாட்டுவதற்காகவா பாராட்டுவதற்காகவா என்பது அந்த நிமிடம் எவருக்கும் விளங்கவில்லை. சான்றிதழ் உறையோடு திரும்பிப் போனது.

அதன் பிறகு இரண்டு மாதம் அலுவலகம் அவரைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. மதிய உணவின்போது குழம்பைப் பகிர்ந்து கொடுத்தார்கள். புதிய பணியிடத்தைப் பற்றி அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை. முத்துக்குமரன் மட்டும், கைதட்டாத கூட்டம் ஒரு கூட்டமா, பேசுனதுக்கு நான் தட்டுறேன் என்று சொல்லி, அடுப்படியில் நின்று மாவுக் கையோடு தட்டினார். தமிழ்வாணிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மாவு வீணாகிறது என்று அதட்டினார்.

2025 ஜனவரி இருபதாம் தேதி ஆணை வந்தது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில், பதினான்கு மாவட்டங்களின் தரவரிசை மறு ஆணை வரும் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மனுதாரர் உறுதி செய்த அளவை உடனே தெரிவித்த ஒரே அலுவலகம் மதுரை என்பதால், தற்காலிகப் பட்டியலில் அது கடைசி இடத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், மாவட்டச் செயல்திறன் அலுவலர் பணியிடம் செயல்திறன் மிகக் குறைந்த மாவட்டத்துக்கு முதலில் வழங்கப்படும் என்றும், முதலிடத்தில் உள்ள மாவட்டங்களுக்கு அதன் தேவை எழவில்லை என்றும் இருந்தது. எனவே மதுரைக்கு வழங்கப்பட்டது. பணியமர்த்தப்படுபவர், கண்காணிப்பாளர் அ. தமிழ்வாணி.

விஸ்வேஸ்வரன் அதை மூன்று முறை படித்துவிட்டு, தம் பணிக்காலத்தில் கடைசி இடத்துக்காகக் கேசரி கொடுப்பது இதுவே முதல் முறை என்றபடி, எல்லாருக்கும் கேசரி வாங்கிவரச் சொன்னார்.

மூன்றாம் பக்கத்தைத் தமிழ்வாணி தம் மேசைக்கு வந்து தனியாகப் படித்தார். பணியிடம் தற்காலிகமானது. மாவட்டத்தில் மனுதாரர் உறுதி செய்த பச்சை எண்பது விழுக்காட்டை எட்டிய நாளில், பணியிடத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கருதப்பட்டு, அது தானாகக் கலையும். அலுவலர் பழைய நாற்காலிக்குத் திரும்புவார்.

அன்று மாலை வீட்டில் இதைக் கேட்ட முத்துக்குமரன் அனுபவசாலியாக ஒரு யோசனை சொன்னார்.

"பதினெட்டுல இருக்கு. எண்பதுக்குப் போகணும். அவசரமே இல்ல வாணி. எல்லா ஸ்டாப்புலயும் நின்னு நின்னு, டீக்குடிச்சுட்டுப் போ. அஞ்சாறு வருசம் ஓட்டிரலாம்."

"ரிட்டயர் ஆகுற வரைக்கும்கூட ஓட்டலாங்க," என்றார் தமிழ்வாணி. தாளில் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மாதம் ஒரு விழுக்காடு என்றால் ஐந்து ஆண்டும் இரண்டு மாதமும். ஒழுங்காக வேலை செய்தால் பதினான்கு மாதம். மிக ஒழுங்காகச் செய்தால் பதினொன்று. அந்தத் தாளை இரவு உணவுக்குப் பிறகும் ஒரு முறை எடுத்துப் பார்த்தார். பிறகு மடித்து, கையேட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டார்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை முற்பகல், புதிய அறையில் பணியேற்றார். கதவில் பெயர்ப்பலகைக்கான ஆணி அடிக்கப்பட்டிருந்தது. பலகை இன்னும் வரவில்லை. அதற்கான கோரிக்கை இரு பிரிவுகளுக்கு இடையே இருந்தது. குடிநீர்ப் பிரிவுத் தலைவரையும் ஹரிநாராயணனையும் ஒரே நேரத்தில் அழைத்து, இரண்டு நாற்காலியையும் ஒரே மேசைக்கு எதிரே போடச் சொன்னார். அப்படி அவர்கள் இருவரும் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. சிவப்புப் பட்டியலில் இருவருக்கும் பொதுவான மனுக்கள் பதினேழு இருந்தன. யாருடையது என்ற கேள்வி எழும்போதெல்லாம் வெள்ளைத்துரையின் கைபேசி எண்ணைத் தமிழ்வாணி சத்தமாகச் சொன்னார். மதியத்துக்குள் இருவருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

மாலை ஐந்தே காலுக்குள் ஐந்து மனுதாரர்கள் காரியம் முடிந்ததாகத் தொலைபேசியில் உறுதி செய்தார்கள். தமிழ்வாணி ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, விழுக்காட்டைக் கணக்கிட்டார். அவருடைய பதவியின் ஆயுள் அன்று ஒரு நாளில் பூஜ்யம் புள்ளி மூன்று விழுக்காடு குறைந்திருந்தது. கூட்டலை ஒரு முறை சரிபார்த்துக் கையொப்பமிட்டு, மறுநாளுக்கான ஆறு மனுக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.